2 இஞ்ச் லிஃப்ட்டுக்கு 32 போதுமா, 33 வேண்டுமா?

ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கு 2 இஞ்ச் லிஃப்ட் போட்டு, அதாவது சஸ்பென்ஷனை உயர்த்தி வண்டியைத் தூக்கி முடித்ததும் அடுத்த கேள்வி தானாக வந்து நிற்கும்: டயர் எந்த அளவு? என் வண்டியோடு வந்தது 265/70 ஆர் 16: அகலம் 265 மில்லிமீட்டர், பக்கச்சுவர் அதில் 70 சதவீதம், ரிம் 16 இஞ்ச். அதன் உயரம் 777 மில்லிமீட்டர். அதற்கு மேலே எனக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று 265/75 ஆர் 16: அதே அகலம், உயரம் மட்டும் 804. பேச்சில் இதை 32 என்பார்கள், கணக்குப் போட்டால் 31.6 இஞ்ச். மற்றது 285/75 ஆர் 16: உயரம் 834, பேச்சில் 33.

இரண்டு மாதம் அளந்து, யோசித்து 32-ஐ மாட்டினேன். ஒரு வருஷமாக ஓடுகிறது. 33-ஐ நான் சொந்தமாக வைத்திருந்ததில்லை. இதே மாடல் வைத்திருக்கும் நண்பர் 33 மாட்டியபோது கூடவே இருந்தேன், அவர் வண்டியை இரண்டு நாள் மலைப்பாதையில் ஓட்டினேன். 33 பற்றி நான் சொல்வதை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

பார்க்க 33-தான் அழகு, அதில் பேச்சே இல்லை. விலையும் எடையும் அதற்குத்தான் அதிகம். ஏ.டி.யா (எல்லாப் பாதைக்குமான டயர்) எம்.டி.யா (சேற்றுக்கான டயர்) என்பது வேறு கேள்வி, இரண்டு அளவிலும் இரண்டும் கிடைக்கும்.

டயரைப் பெரிதாக்குவதன் உண்மையான பலன் கீழே இருக்கிறது. லிஃப்ட் தூக்குவது பாடியையும் சேஸையும் மட்டுமே. பின் ஆக்சிலும் அதில் தொங்கும் டிஃபரன்ஷியல் குண்டும் (இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் கியர் பெட்டி) இருந்த உயரத்திலேயே இருக்கும், அதைத் தூக்க டயரால்தான் முடியும். அதுவும் கூடிய உயரத்தில் பாதிதான் கிடைக்கும். 32-ல் 13 மில்லிமீட்டர், 33-ல் 28. இரண்டுக்கும் நடுவே 15 மில்லிமீட்டர், ஒரு சுண்டுவிரல் அகலம். கல் நிறைந்த பாதையில் அந்த ஒரு விரல் வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் அந்த விரலுக்கு என்ன கொடுக்க வேண்டியிருக்கிறது என்று பார்த்தபோதுதான் என் மனசு மாறியது.

"லிஃப்ட் போட்டாச்சுல்ல, அப்புறம் என்ன, 33 தாராளமா போகும்" என்று நிறையப் பேர் சொல்வார்கள். நானும் நம்பினேன். வண்டி சமதரையில் நிற்கும்போது அது உண்மை. ஆனால் ஒரு முன்சக்கரம் கல்மேல் ஏறி முழுவதும் உள்ளே அமுங்கும்போது, அது போய் நிற்கும் இடத்தைத் தீர்மானிப்பது ஸ்பிரிங் அல்ல, பம்ப் ஸ்டாப் என்கிற ரப்பர் கட்டை. லிஃப்ட்டுக்கு முன்னால் அது எங்கே நிறுத்தியதோ, இப்போதும் அங்கேதான் நிறுத்தும். அந்த இடத்தில் வீல் ஆர்ச்சுக்குள் லிஃப்ட் ஒரு மில்லிமீட்டர்கூடக் கூட்டிக் கொடுப்பதில்லை. பம்ப் ஸ்டாப்பை நீளமாக்கினால் உரசாது, ஆனால் சக்கரம் மேலே போகும் தூரம் குறைந்துவிடும். லிஃப்ட் போட்டதே அந்த அசைவுக்காகத்தானே.

இதை வாங்குவதற்கு முன்னாலேயே சோதித்துப் பார்த்தேன். நண்பரின் 33 சக்கரம் ஒன்றை இரவல் வாங்கி என் வண்டியின் முன் இடப்பக்கம் மாட்டினேன். சமதரையில் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பினேன், எங்கும் தொடவில்லை. பிறகு டயரின் தோள்பட்டையில் சாக்பீஸைத் தாராளமாகத் தேய்த்துவிட்டு, அந்த ஒரு சக்கரத்தை மட்டும் உயரமான சாய்மேடையில் ஏற்றினேன். மற்ற சக்கரங்களுக்குக் கட்டை, ஹேண்ட்பிரேக் முழுசாக, பார்ப்பவர் தள்ளி நின்றபடி. ஸ்டியரிங்கை மெதுவாகத் திருப்பினால் முக்கால்வாசி போவதற்குள் கரகரவென்று சத்தம். இறக்கிவிட்டு உள்ளே டார்ச் அடித்தேன். வீல் ஆர்ச்சின் உள்பக்க பிளாஸ்டிக் உறையான லைனரின் பின்பக்கக் கீழ்மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளையாக அப்பியிருந்தது. அந்த பிளாஸ்டிக்குக்குப் பின்னால் இருப்பது பாடியைச் சேஸில் பொருத்தும் பாடி மவுண்ட்டின் இரும்பு முனை. லைனர் தேய்ந்து ஓட்டை விழுந்த பிறகு டயர் உரசப்போவது அந்த முனையில்தான்.

டயர் கடையில் ஒரு 265/75 கொடுத்தார்கள், அதே சோதனை. மட் ஃப்ளாப்பின் உள் ஓரத்தில் நூல்போல ஒரு வெள்ளைக் கோடு, வேறெங்கும் இல்லை. இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றி, ஓரத்தைக் கொஞ்சம் வெட்டி மாட்டினேன், வேலை முடிந்தது.

நண்பர் வண்டியில் அந்த இரும்பு முனையை வெட்டி, தகடு வைத்து வெல்டு செய்தார்கள். முன் பம்பரின் கீழ் மூலைகளை அறுத்தார்கள், லைனரைச் சூடுகாட்டி உள்ளே அமுக்கினார்கள். நல்ல வேலை, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வெல்டு போட்ட இடத்தில் பெயின்ட் உரிகிறதா, துரு பிடிக்கிறதா என்று ஒவ்வொரு மழைக்குப் பிறகும் குனிந்து பார்க்கிறார். அவர் எப்போதாவது சின்ன டயருக்குத் திரும்பினாலும் வெட்டிய இரும்பு திரும்பி வராது. நான் பழைய டயரை மாட்டினால், மட் ஃப்ளாப் ஓரத்தைத் தவிர வண்டி வந்தபடியே இருக்கும். என்னை 32 பக்கம் தள்ளியது இதுதான்.

வெட்டாமல் 33 போடப் பார்ப்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். அகல வீலோ, வீலுக்கும் ஹப்புக்கும் நடுவே வைக்கும் ஸ்பேசரோ போட்டு டயரை வெளியே தள்ளினால் தீரும் என்று நினைக்காதீர்கள். உள்ளே சஸ்பென்ஷனின் மேல் ஆர்மில் இடிப்பது நிற்கும், ஆனால் வெளியே தள்ளிய டயர் திரும்பும்போது இன்னும் பெரிய வட்டம் போடும், பின்மூலை உரசல் கூடத்தான் செய்யும். அதைவிட அலைன்மென்ட்டில் பலன் உண்டு. கீழ் ஆர்ம் பக்கம் கேஸ்டரை, அதாவது சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வைக் கூட்டினால் சக்கரம் சற்று முன்னே நகரும், பின்னால் சில மில்லிமீட்டர் கிடைக்கும். லிஃப்ட்டால் கேஸ்டர் எப்படியும் குறைந்திருக்கும், அதனால் இது 32 போட்டாலும் செய்யவேண்டிய வேலைதான்.

அடுத்தது கியர். பெரிய டயர் போடுவது ஃபைனல் டிரைவை, அதாவது டிஃபரன்ஷியலின் கியர் விகிதத்தை மாற்றியதற்குச் சமம். 4.10 இருக்கும் வண்டி 32-ல் 3.97 மாதிரி ஓடும், 33-ல் 3.82 மாதிரி. என் வண்டியில் ஏற்றத்தில் கொஞ்சம் சோம்பல் தெரிகிறது, அவ்வளவுதான். நண்பர் வண்டியில் ஐந்தாவதில் ஏறிய மேட்டுக்கு நான்காவது கேட்டது. சரிசெய்ய வேண்டுமென்றால் முன், பின் இரண்டு டிஃபரன்ஷியலிலும் கிரவுன் பினியன் என்கிற கியர் ஜோடியை மாற்றவேண்டும். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு ஃபோர் வீலில் போட்டால் முன்னும் பின்னும் ஒன்றையொன்று இழுத்து எதையாவது உடைத்துவிடும். பிரேக்கிலும் இதே கணக்குத்தான். அதே அழுத்தத்துக்கு 33-ல் தரையில் கிடைக்கும் பிரேக் விசை கிட்டத்தட்ட 7 சதவீதம் குறையும். அதன் எடை அதற்கு மேல்.

ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது உண்மையில் 32-ல் 103-க்கு மேல் போகிறோம், 33-ல் 107. மைலேஜ் விழுந்துவிட்டது என்று வருத்தப்படுகிறவர்கள் இதையும் பார்க்கவேண்டும், ஓடோமீட்டரும் அதே அளவுக்குக் குறைத்துத்தான் எண்ணுகிறது.

33 ஜெயிக்கும் இடத்தையும் சொல்லவேண்டும். அதன் பக்கச்சுவர் 214 மில்லிமீட்டர், 32-ல் 199. காற்றை 18 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினால் 33 கல்லை அணைத்துக்கொண்டு ஏறுகிறது. நான் இரண்டு முறை முயன்று ஏறிய ஒரு பாறைப் படியில் அவர் வண்டி ஒரே மூச்சில் ஏறியது. வாரம் தவறாமல் இப்படிப்பட்ட பாதையில் போகிறவர், இரும்பை வெட்டத் தயங்காதவர் என்றால் 33 போடலாம், நான் தடுக்கமாட்டேன்.

எதை எடுத்தாலும் ஸ்டெப்னியோடு சேர்த்து ஐந்தாக எடுங்கள். முன், பின் ஆக்சில்களுக்கு நடுவே சென்டர் டிஃபரன்ஷியல் உள்ள வண்டியில் உயரம் குறைந்த ஸ்டெப்னியை மாட்டி நெடுந்தூரம் ஓட்டினால் அது ஓயாமல் சுழன்று சூடாகும். வண்டிக்கு அடியில் ஸ்டெப்னி தொங்கும் இடத்தையும் முன்கூட்டியே அளந்துவிடுங்கள். எனக்கு 804 இரண்டு விரல் இடைவெளியோடு உட்கார்ந்துவிட்டது. நண்பரின் 33 அங்கே ஏறவே இல்லை, இப்போது பின்னால் தனி ஸ்டாண்ட் அடித்து மாட்டியிருக்கிறார்.