மண்டபத்தில் இரசாயனம்: தீயா, நுரையா, கடிகாரமா?

வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ ஒரு பாடசாலை மண்டபத்தில், பெற்றோரும் பிள்ளைகளும் கூடியிருக்க இரசாயனச் செய்துகாட்டல் நடத்த முனைவோர் முன்னே வானவில் தீச்சுவாலை, யானைப் பற்பசை, அயடீன் கடிகாரத் தாக்கம் ஆகிய மூன்றும் போட்டியிடுகின்றன.

உலோக உப்புகள் இட்ட கிண்ணங்களில் மெதனோலை ஊற்றிப் பற்றவைக்கும் வானவில் தீ, கண்ணைப் பறிக்கும் காட்சிதான். ஆயினும் முதலில் விலக்க வேண்டியது அதுவே. மெதனோலின் தீப்பற்றுநிலை ஏறத்தாழ 11 பாகை செல்சியசு என்பதால், 30 பாகை வெப்பம் சாதாரணமாகவுள்ள கொழும்பு மண்டபத்தில் போத்தலைத் திறந்தவுடனேயே எரியத்தக்க ஆவி மேசைமீது பரவத் தொடங்கும். சுவாலை தணிகிறதென்று போத்தலிலிருந்து மீண்டும் ஊற்றும் கணமே மிகக் கொடியது: தீ ஆவியைப் பற்றிப் போத்தலுக்குள் பாய்ந்து, எரியும் திரவத்தை முன்வரிசை மீது பீய்ச்சிவிடும். 2014 செப்டெம்பரில் அமெரிக்காவின் ரீனோ நகர அருங்காட்சியகமொன்றில் மெதனோல் தீக்காட்சியின்போது 13 பேர் காயமடைந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் சிறுவர்கள். எரியும் கரைப்பான்களைக் கொண்டு திறந்த மேசையில் வானவில் தீயைக் காட்டுவதைக் கைவிடுமாறு அமெரிக்க இரசாயனச் சங்கமும் அதே ஆண்டில் கேட்டுக்கொண்டது. உப்புக் கரைசலில் ஊறிய மரக்குச்சிகளைப் பன்சன் சுடரில் பிடித்தாலே செப்பின் பச்சையும் இலிதியத்தின் சிவப்பும் தெரியும். ஆனால் அதற்கு மின்விசிறிகளை நிறுத்த வேண்டும். அந்தப் புழுக்கத்தில் சிறுவர்கள் நெடுநேரம் பொறுத்திருக்க மாட்டார்கள்.

யானைப் பற்பசையில், ஐதரசன் பேரொட்சைட்டைப் பொற்றாசியம் அயடைட்டு ஊக்கியாகப் பிரிக்க, வெளிவரும் ஒட்சிசன் சவர்க்காரத் திரவத்தை நுரையாக்குகிறது. 30 சதவீதக் கரைசலின் 100 மில்லிலீற்றரிலிருந்து ஏறக்குறைய 10 லீற்றர் ஒட்சிசன் கிடைக்கும். நுரை ஆவி பறக்கச் சுடும், அதில் எஞ்சிய பேரொட்சைட்டு தோலைப் புண்ணாக்கும். 6 சதவீதக் கரைசலும் பாணுக்கிடும் ஈஸ்டும் போதும். நுரை குறையும், ஆனால் அச்சமும் குறையும். நுரைக்குள் தணற்குச்சியை நுழைத்து அது மீண்டும் பற்றுவதைக் காட்டாவிட்டால், ஆரவாரத்தோடு காட்சி முடிந்துவிடும். ஒட்சிசனைப் பற்றி ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

என் தெரிவு கடிகாரத் தாக்கமே. 1886இல் இரசாயனவியலாளர் லாண்டோல்ற் அறிமுகப்படுத்திய இதன் எளிய வடிவத்துக்கு அயடீன் கரைசல், விற்றமின் சீ மாத்திரை, பேரொட்சைட்டு ஆகியவற்றோடு வடித்த கஞ்சி சிறிதளவு போதும். பேரொட்சைட்டு ஓயாமல் அயடீனை உருவாக்க, விற்றமின் சீ அதனை உடனுக்குடன் நிறமற்ற அயடைட்டாக மாற்றிக்கொண்டிருக்கும். விற்றமின் தீர்ந்த கணத்தில் அயடீன் கஞ்சியிலுள்ள மாப்பொருளோடு சேர, தண்ணீர் போலிருந்த முகவை முழுவதும் ஒரே நொடியில் கருநீலமாகும். மண்டபமே உரத்து எண்ணிக்கொண்டிருக்கையில் அது நிகழ்வது எந்த வெடிச்சத்தத்துக்கும் குறைந்ததன்று.

வெப்பநிலை 10 பாகை உயர்ந்தால் தாக்கவேகம் ஏறக்குறைய இருமடங்காகும் என்பதால், குளிர்நாட்டு நூல்கள் தரும் நேரம் இங்கே பொருந்தாது. அதே மண்டபத்தில், அதே வேளையில் ஒத்திகை பார்ப்பது அவசியம். இந்த இடரையே பயனாக்கலாம்: ஒரே அளவுக் கரைசல்களை இரு சோடி முகவைகளில் எடுத்து, ஒரு சோடியைப் பனிக்கட்டி நீரில் குளிரவைத்தபின் இரண்டையும் ஒரே வேளையில் கலந்தால், குளிர்ந்தது பிந்தியே கறுக்கும், காரணத்தைச் சபையே சொல்லிவிடும். உதவும் மாணவரின் வெள்ளைச் சீருடையில் அயடீன் தெறித்தால், விற்றமின் சீ கரைசலால் ஒற்றியெடுத்தால் கறை நீங்கும்.