வெப்அசெம்பிளியோடு மூன்று வருடம்

தக்கலையில் பத்திரம் எழுதும் அண்ணன் ஒருவருக்கு முன்பு சி++இல் ஒரு நிரல் எழுதிக் கொடுத்திருந்தேன். பழைய பத்திரத்தின் போட்டோவைக் கொடுத்தால் சாய்வை நிமிர்த்தி, மஞ்சள் கறையை வெளுத்து, எழுத்தைக் கறுப்பாக்கித் தரும். 1956 வரை இந்தப் பக்கம் திருவிதாங்கூரோடு இருந்ததால் மலையாளப் பத்திரங்கள் நிறைய வரும். ஓர் எழுத்து மங்கினாலும் படிக்கிறவருக்கு வம்பு. நிரல் அவருடைய விண்டோஸ் கணினியில் மட்டும் ஓடியது. போனிலும் வேண்டும் என்றார். ஜாவாஸ்கிரிப்டில் திரும்ப எழுத எனக்குச் சோம்பல். சி++ நிரலைப் பிரவுசருக்குள் ஓடும் வெப்அசெம்பிளி என்ற வடிவத்துக்கு மாற்றித் தரும் எம்ஸ்கிரிப்டன் என்ற கருவியைப் பிடித்தேன்.

கம்பைல் ஆனது ஒரே சாயங்காலத்தில். வந்த வாஸம் ஃபைல், அதாவது வெப்அசெம்பிளி ஃபைல், 4 எம்பி. (வாஸம் என்றால் எனக்குத் தோவாளைப் பூச்சந்தைதான் ஞாபகம் வருகிறது, என்ன செய்ய.) அளவைச் சுருக்கும் ஆப்ஷனைப் போட்டதும் 1 எம்பிக்குக் கீழே இறங்கியது. பழைய போனில் ஓடுமா என்ற பயமும் வீண். 2017லேயே பெரிய பிரவுசர்கள் எல்லாவற்றிலும் வெப்அசெம்பிளி வந்துவிட்டது.

சரி, வேலை முடிந்தது என்று நினைத்தேன். சின்னப் படங்கள் ஒழுங்காக வந்தன. பெரிய படம் போட்டால் வெறும் வெள்ளைத் தாள். சி++இல் தேடித் தேடி இரண்டு சனி, ஞாயிறு போயிற்று. தப்பு அங்கே இல்லவே இல்லை. தேவைப்பட்டால் மெமரி வளரட்டும் என்று விட்டிருந்தேன். அது 64 கேபி பக்கங்களாக வளரும். வளர்ந்த கையோடு, ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் அந்த மெமரியைப் பார்க்க நான் பிடித்து வைத்திருந்த பழைய பஃபர் கழன்றுவிடும், நீளம் பூஜ்யம். ஒவ்வொரு அழைப்புக்குப் பிறகும் அதைப் புதிதாக எடுக்க வேண்டும். தீர்வு ஒரே வரி.

அடுத்தது என் சொந்தக் கவனக்குறைவு. அண்ணன் காலையில் திறந்த டேபை ராத்திரிதான் மூடுவார். நாற்பதாவது பத்திரம் வாக்கில் டேப் செத்துவிடும். படத்துக்காக மல்லாக் செய்த (மெமரியில் கேட்டு வாங்கிய) இடத்தை நான் ஃப்ரீ செய்யவில்லை, அதாவது திருப்பிக் கொடுக்கவில்லை. பயன்படாத மெமரியைத் தானாகவே அள்ளும் ஜாவாஸ்கிரிப்டின் குப்பை வண்டி அந்தத் தெருவுக்குள் வராது. நாமே அள்ள வேண்டும்.

வேலையைப் பிரித்து ஒரே நேரத்தில் ஓட்டும் த்ரெட் ஆசையை விட்டுவிட்டேன். 2018இல் ஸ்பெக்டர் என்ற பிராசஸர் பாதுகாப்பு ஓட்டை வெளிவந்த பிறகு, த்ரெட்டுகளுக்குத் தேவையான பகிர்ந்த மெமரி வேண்டுமென்றால் சர்வர் பக்கத்தோடு இரண்டு ஹெடர்களை (குறிப்பு வரிகளை) சேர்த்து அனுப்ப வேண்டும் என்றாகிவிட்டது. நான் வாங்கியிருந்த மலிவு ஹோஸ்டிங்கில் அதற்கு வழியில்லை. பின்னணியில் ஓடும் ஒரே ஒரு வொர்க்கரில் ஓட்டுகிறேன், திரை உறையாமல் இருக்கிறது. வேகம் விண்டோஸ் நிரலைவிடக் கொஞ்சம் குறைவுதான்; அண்ணன் கண்டுகொள்ளவே இல்லை.

அவருக்கு வேறு கவலை. "மக்கா, ஆளுவளுக்க பத்திரம்லா. இது எங்கயும் போவாதுல்லா?"

"போவாது அண்ணே. ஒங்க போனுக்குள்ளயேதான் எல்லாம் நடக்கு."

நம்பவில்லை. போனை வாங்கி நெட்டை அணைத்துவிட்டு ஒரு பத்திரத்தைப் போட்டுப் பார்த்தார். வந்தது. இன்றைக்கும் பத்திரத்தைப் படம் எடுக்கும் முன்பு நெட்டை அணைத்துவிட்டுத்தான் ஆரம்பிக்கிறார்.