ஆலோசனை நிறுவனத்தில் வேலை: ஐந்துக்கு மூன்றரை

நான் பணியாற்றியது மும்பையில் கிளை வைத்திருக்கும் ஒரு பன்னாட்டு மேலாண்மை ஆலோசனை நிறுவனத்தில். பெயர் வேண்டாம்; இந்தத் துறையின் பெரிய நிறுவனங்களில் நடைமுறை ஏறத்தாழ ஒன்றுதான்.

26 வயதில் ஒரு சிமெண்ட் ஆலையின் தலைவர் எதிரில் உட்கார்ந்து, "உங்கள் லாரிகள் ஏன் இவ்வளவு நேரம் காத்திருக்கின்றன?" என்று கேட்கும் உரிமை வேறெந்த வேலையில் கிடைக்கும்? வாசலில் பதிவு, காலி லாரி எடை, மூட்டை ஏற்றுவது, மறுபடியும் எடை, பிறகு பில். ஒவ்வோர் இடத்திலும் கடிகாரத்தோடு நின்று நேரம் குறித்தோம். மூட்டை ஏற்றும் இடத்தைத்தான் எல்லோரும் குறை சொன்னார்கள். தாமதமோ பில் போடும் இடத்தில். இப்படித் தொழிலின் உள்ளே புகுந்து பார்ப்பதில் இருக்கும் சுகத்துக்காகவே இரண்டு நட்சத்திரம் தருவேன்.

ஆனால் பில் விஷயத்தை எங்களிடம் முதலில் சொன்னவர் அங்கேயே பல ஆண்டுகளாக இருக்கும் ஒரு குமாஸ்தா. மேலதிகாரிகளிடமும் பலமுறை சொல்லியிருக்கிறார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதையே நாங்கள் வண்ண வரைபடமாக்கிக் காட்டியதும் இயக்குநர்கள் தலையசைத்தார்கள். அறிக்கையில் அவர் பெயர் எங்கும் இல்லை. எங்கள் ஒரு வாரக் கட்டணமோ அவருடைய பல ஆண்டுச் சம்பளம். இந்த உறுத்தல் எனக்கு ஒவ்வொரு ப்ராஜெக்டிலும் இருந்தது. சக ஊழியர்கள் பலருக்கு இல்லை, நன்றாகத் தூங்கினார்கள். கிடைத்த நேரத்தில்!

தூக்கம் அரிது. திங்கள் விடிகாலை விமானம், வியாழன் இரவு திரும்புதல். இரவு 11 மணிக்கு மேல் பார்ட்னரிடமிருந்து, அதாவது ப்ராஜெக்டை நடத்தும் மூத்த பங்குதாரரிடமிருந்து, ஸ்லைடு திருத்தங்கள் வரும். எந்தத் தொழில் நட்சத்திரம் (வேகமாக வளரும் சந்தையில் முன்னணி), எது கறவைப் பசு (வளர்ச்சி குறைந்தாலும் பணம் கொட்டுவது) என்று பாஸ்டன் கன்சல்டிங் குரூப் என்ற ஆலோசனை நிறுவனத்தின் புரூஸ் ஹெண்டர்சன் 1970இல் எழுதியதை வைத்து இன்றும் நான்கு கட்டம் வரைகிறார்கள். அந்தக் கட்டங்களின் கோடு நேராக இருக்கிறதா என்று நள்ளிரவில் உருப்பெருக்கிப் பார்ப்பதற்கா எம்.பி.ஏ. படித்தாய் என்று அம்மா கேட்டார். பதில் இல்லை.

சம்பளத்தில் குறையில்லை. கல்விக் கடன் நினைத்ததைவிடச் சீக்கிரம் அடைந்தது. பதவி உயர்வு மட்டும் கெடு வைத்த விஷயம்: குறித்த காலத்துக்குள் மேலே ஏறாவிட்டால் வேறு வேலை தேடச் சொல்வார்கள். மரியாதையாகத்தான் சொல்வார்கள், தேடிக்கொள்ள அவகாசமும் உண்டு. வெளியே போனால் வேலை கிடைப்பதில் சிரமம் இருக்காது. நிறுவனத்தின் பெயரே பாதி நேர்காணலை முடித்துவிடும்.

சேர நினைப்பவர்கள் நிறுவனத்தைவிட, எந்தப் பார்ட்னரின் கீழ் வேலை என்பதை விசாரியுங்கள். ஒரே அலுவலகத்தில் ஒருவரிடம் இரவு 8 மணிக்குக் கிளம்பலாம், இன்னொருவரிடம் 1 மணி ஆகும். நேர்காணலில் இது தெரியாது. விலகி வந்தவர்களைக் கேளுங்கள், தயங்காமல் சொல்வார்கள்.