1,840 பவுண்ஸ் போய்விட்டது: பிரீமியர் லீக் "ஷுவர்" கணிப்பு விற்கிறவர்களிடம் கவனம்

2024 டிசம்பர் 2ஆம் திகதி தொடங்கியது, 26ஆம் திகதி பின்னேரம் ஐந்து மணிக்கு முடிந்தது. இந்த இருபத்தைந்து நாளில் என் கையை விட்டுப் போனது 1,840 பவுண்ஸ். ஜனவரியில் கட்ட வேண்டிய கார் இன்சூரன்ஸ் காசு அது. மகனின் பெயரையும் சேர்த்ததால் இந்த முறை கூடிவிட்டது என்று செப்டம்பரில் இருந்தே கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கி வைத்தது. கார் இல்லாவிட்டால் எனக்கு இரவு வேலைக்குப் போக வழியில்லை.

இன்று 29. மூன்று நாளாக நித்திரை இல்லை. கோபம் ஆறினால் வெட்கத்தில் எழுதமாட்டேன், அதனால் இப்போதே எழுதுகிறேன். அந்தக் குழுவின் பெயரைப் போடவில்லை. அவர்களுக்கு ஒரு பெயர் இல்லை, பல பெயர் இருக்கிறது. நீங்கள் இருப்பது வேறு பெயரில் உள்ள அதே குழுவாக இருக்கலாம். போனில் உள்ள ஒரு செய்திச் செயலியில் நடக்கிற, இங்கிலாந்தின் முதன்மை ஃபுட்போல் போட்டியான பிரீமியர் லீக்கின் ஆட்ட முடிவுகளை முன்கூட்டியே சொல்கிற "டிப்ஸ்" குழு. அவ்வளவு தெரிந்தால் போதும்.

நான் வடமேற்கு லண்டனில் ஒரு பெற்றோல் ஸ்டேசனில் இரவு வேலை செய்கிறேன். ஆர்சனல் 38 ஆட்டத்திலும் தோற்காமல் கிண்ணம் எடுத்த 2003–04 சீசனில்தான் இந்த நாட்டுக்கு வந்தேன். அன்றிலிருந்து ஃபுட்போல் பார்க்கிறேன். வேலையிடத்தில் பெடியள் ஐந்து பவுண்ஸ், பத்து பவுண்ஸ் பந்தயம் கட்டுவார்கள். நான் கட்டியதில்லை. நவம்பர் நடுவில் யாரோ என்னை ஒரு இலவசக் குழுவில் சேர்த்துவிட்டார்கள். விலகாமல் சும்மா இருந்தேன்.

நவம்பர் 23, சனிக்கிழமை. மான்செஸ்டர் சிட்டியின் சொந்த மைதானத்தில் டொட்டன்ஹாமுடன் ஆட்டம். நான்கு வருசம் தொடர்ந்து கிண்ணம் எடுத்த அணி. அந்தக் குழுவில் காலையிலேயே வந்த செய்தி: "சிட்டி தோற்கும். ரொட்ரி இல்லாமல் நடுக்களம் திறந்து கிடக்கிறது." சிட்டியின் நடுக்கள ஆட்டக்காரர் ரொட்ரிக்கு செப்டம்பரில் முழங்கால் போனது எனக்கும் தெரியும். ஆனாலும் சிட்டி வீட்டில் தோற்கும் என்று எழுத ஆருக்குத் துணிவு வரும்? 0–4. சிட்டி நான்கு வாங்கியது.

அடுத்த சனி வெஸ்ட் ஹாம்–ஆர்சனல். "ஆர்சனல்" என்றார்கள். 5–2, ஏழு கோலும் முதல் பாதிக்குள்ளேயே. மறுநாள் ஞாயிறு லிவர்பூல்–சிட்டி. "லிவர்பூல்" என்றார்கள். 2–0. மூன்றுக்கு மூன்று சரி.

அன்றிரவு குழுவை நடத்துகிறவரிடமிருந்து எனக்குத் தனியாக ஒரு குரல்செய்தி வந்தது. தமிழில். "அண்ணை, பேரைப் பார்த்தன், எங்கட ஆள் எண்டு தெரிஞ்சுது. வெள்ளையளுக்கு வேற விலை, உங்களுக்கு வேற. எங்கட சனத்திட்ட நான் பொய் சொல்லமாட்டன்." பின்னால் ஒரு குழந்தை அழுகிற சத்தம். அவர் குழந்தையிடம் "பொறு அப்பன், அப்பா கதைச்சிட்டு வாறன்" என்று சொன்னதும் கேட்டது. என்னை விழுத்தியது சிட்டியின் நான்கு கோல் இல்லை, அந்தக் குரல்தான். இரவு இரண்டு மணிக்கு, ஆளில்லாத கவுண்டருக்குப் பின்னால் இருந்துகொண்டு, ஊர்க் குரல் ஒன்று "அண்ணை" என்று கூப்பிட்டால் மனம் இளகிவிடும். அது அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

டிசம்பர் 2, திங்கள். விஐபி குழுவுக்கு ஒரு மாதக் காசு 150 பவுண்ஸ். கார்டில் வாங்கமாட்டார்கள், ஒரு தனியாளின் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். பந்தயக் கணக்கை அவர் தருகிற லிங்க் வழியாகத்தான் திறக்க வேண்டும் என்றார். அந்த பெட்டிங் கம்பனிக்கு உரிமம் இருந்தது, அதனால் யோசிக்கவில்லை.

முதல் ஆட்டம் டிசம்பர் 4, ஆர்சனல்–மான்செஸ்டர் யுனைட்டெட். ஆர்சனல் வெல்லும் என்றார், 2–0, இரண்டும் கோர்னரில் வந்த கோல். சின்ன லாபம் வந்தது. அந்த லாபமும் பிறகு அங்கேயே போனதால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

டிசம்பர் 8, ஃபுல்ஹாம்–ஆர்சனல். "அண்ணை, இது ஷுவர், 200 போடுங்கோ." 1–1. கடைசி நிமிடங்களில் சாக்கா தலையால் போட்ட கோல் ஓஃப்சைட் என்று போய்விட்டது. "மயிரிழையில போச்சு, அடுத்ததில எடுப்பம்" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். யோசித்திருக்க வேண்டிய இடம் இதுதான். நான் கும்பிட்ட 2003–04 ஆர்சனலே 38 ஆட்டத்தில் 12ஐ டிரோ செய்தது. ஒன்றிலும் தோற்காத அணியே மூன்று ஆட்டத்துக்கு ஒன்று என்ற கணக்கில் வெல்லாமல் திரும்பியிருக்கிறது. இதில் "ஷுவர்" எங்கிருந்து வரும்? இருபது வருசமாகப் பார்க்கிற எனக்கு இது தெரியாத விசயமா?

டிசம்பர் 14, சனி மூன்று மணி ஆட்டங்கள். ஆர்சனல்–எவர்ட்டன், லிவர்பூல்–ஃபுல்ஹாம். இரண்டு அணியும் வென்றால்தான் காசு என்று இரண்டையும் கோர்த்து 400 பவுண்ஸ். இரண்டும் சொந்த மைதானம், இரண்டும் பெரிய அணி. மூன்று மணி ஆட்டம் இங்கே டிவியில் வராது, அதனால் போனில் ஸ்கோரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆர்சனல் 0–0. லிவர்பூலில் றொபர்ட்சனுக்கு முதல் இருபது நிமிடத்துக்குள்ளேயே சிவப்பு அட்டை, 2–2.

அன்றிரவு முதல் தடவையாகக் கோபத்தோடு எழுதினேன். வந்த பதில்: "அண்ணை, ரெட் கார்டை ஆர் முன்கூட்டிச் சொல்லேலும்?" இந்த ஒரு வசனத்தை நான் மறக்கமாட்டேன். ஆட்டத்துக்கு முன் "ஷுவர்", ஆட்டத்துக்குப் பின் "ஆர் சொல்லேலும்". ஒருவராலும் சொல்ல முடியாது என்றால் எதற்கு என்னிடம் 150 பவுண்ஸ் வாங்கினாய்?

மறுநாள் சிட்டி–யுனைட்டெட். இழந்ததை எடுக்க என்று 200. சிட்டி 1–0 என்று முன்னால் நின்றது. 88ஆவது நிமிடம் யுனைட்டெட்டுக்குப் பெனால்டி, அடுத்து அமாட் ஒரு கோல், 1–2. அதோடு நிறுத்தியிருந்தால் 950 பவுண்ஸோடு போயிருக்கும். நிறுத்தவில்லை. அதற்குப் பிறகு நான்கு நாள் பதில் இல்லை. பிறகு மறுபடி ஒரு குரல்செய்தி, அதே அன்பான குரல்: "அண்ணை, உங்கட காசு எனக்குப் பாரமாக் கிடக்கு. பொக்சிங் டே ஸ்பெஷல் ஒண்டு இருக்கு, மிச்ச ஆக்களுக்கு 500. உங்களுக்கு 290. இதில எல்லாம் திரும்பி வந்திடும்." 290ஐ அனுப்பினேன். அதே மாதிரி, ஆனால் இந்த முறை வேறு ஒருவரின் பெயரில் உள்ள கணக்குக்கு. அதையும் நான் கேட்கவில்லை.

ஸ்பெஷல் என்று வந்தது என்ன தெரியுமா? சிட்டி எவர்ட்டனை வெல்லும், செல்சி ஃபுல்ஹாமை வெல்லும். தெருவில் போகிற எந்தப் பெடியனைக் கேட்டாலும் சொல்கிற பதில். இரண்டிலும் 300, 300 போடச் சொன்னார். 26ஆம் திகதி, அதுதான் பொக்சிங் டே, எனக்குப் பகல் வேலை. சிட்டி 1–1, ஹாலண்டின் பெனால்டியை எவர்ட்டன் கோல்காப்பாளர் பிக்ஃபோர்ட் தடுத்துவிட்டார். செல்சி 82ஆவது நிமிடம் வரை 1–0. அப்பாடா என்று ஒருவருக்குப் பால் பக்கெட்டுக்கு பில் அடித்துக்கொண்டிருக்கிறேன், போன் அதிர்ந்தது. 1–1. கடைசியில், 90 நிமிடத்துக்குப் பிறகு சேர்த்த நேரத்தில், 1–2. 1979க்குப் பிறகு ஃபுல்ஹாம் அந்த மைதானத்தில் வென்றதே இல்லையாம். அது நான் காசு வைத்த நாளில் நடந்தது.

கூட்டிப் பாருங்கள். 150, 290, 200, 400, 200, 600. மொத்தம் 1,840.

அன்றிரவு எழுதினேன், காசைத் திருப்பித் தா, பந்தயக் காசு வேண்டாம், உனக்கு அனுப்பிய 440ஐ ஆவது தா என்று. தமிழ் காணாமல் போய்விட்டது. "எங்கள் கணிப்புகள் பொழுதுபோக்குக்கு மட்டுமே, கட்டணம் திருப்பித் தரப்படமாட்டாது" என்று ஆங்கிலத்தில் ஒரு ஒட்டுச்செய்தி. மூன்று தடவை எழுதினேன், மூன்று தடவையும் அதே ஒட்டு. நான்காவது செய்தி போய்ச் சேரவில்லை. அவருடைய படமும் காணவில்லை. என்னை விஐபியிலிருந்தும் தூக்கிவிட்டார்கள்.

27ஆம் திகதி வங்கிக்கு போன் அடித்தேன். நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்க வைத்தபின் ஒரு பிள்ளை பேசினாள். "நீங்களே அனுப்பியிருக்கிறீர்கள், கணிப்பு என்ற சேவையும் உங்களுக்குக் கிடைத்திருக்கிறது, இது உங்கள் இருவருக்கும் இடையிலான வியாபாரத் தகராறு." கணிப்பு பிழைத்தால் அது மோசடி ஆகாதாம். பந்தயக் கம்பனியின் இணைய அரட்டையில் கேட்டேன், "அந்த ஆள் எங்கள் ஊழியர் இல்லை" என்றார்கள். இங்கே சூதாட்டத்தைக் கண்காணிக்கிற கேம்பிளிங் கமிஷன் பற்றித் தேடி வாசித்தேன்: உரிமம் கொடுப்பது பந்தயம் நடத்துகிறவர்களுக்கு; வெறுமனே கணிப்பு விற்கிறவன் அந்த உரிமத்துக்குள் வருவதில்லை. எங்கே போய் முட்டினாலும் ஒருவர் இன்னொருவரைக் கையைக் காட்டுகிறார்.

நேற்று மனுசியின் தம்பி கொவென்ட்றியில் இருந்து வந்தார். மனுசிக்கு இன்னும் சொல்லவில்லை, அவரிடம் மட்டும் குசினியில் வைத்துச் சொன்னேன். குழுவின் படத்தைக் காட்டியதும் அவர் முகம் மாறிவிட்டது. "அத்தான், இந்தப் படம் உள்ள குழுவில நானும் இருக்கிறன். பேர் மட்டும் வேற." போனை எடுத்து மேலே தள்ளிக்கொண்டே போனார். நவம்பர் 23. அதே படம், அதே எழுத்து, அதே காலை நேரம். "சிட்டி வெல்லும். வீட்டில் அவர்களை அசைக்க ஏலாது." அதற்குப் பிறகு அவருக்கு ஒரு கணிப்பும் வரவில்லை.

எனக்கு சிட்டி தோற்கும். அவருக்கு சிட்டி வெல்லும். இன்னொரு குழுவுக்கு டிரோ என்று போயிருக்கும்.

இரவு ஒரு மணிக்கு இருவரும் பேனையும் கடதாசியும் எடுத்துக் கணக்குப் பார்த்தோம். 2,700 பேரைச் சேர்த்து மூன்றாகப் பிரித்தால், முதல் ஆட்டம் முடிய 900 பேருக்குச் சரியான கணிப்பு போயிருக்கும். அவர்களை மறுபடி மூன்றாகப் பிரித்தால் இரண்டாவது முடிய 300. மூன்றாவது முடிய 100. அந்த நூறு பேரின் கண்ணுக்கு மூன்றுக்கு மூன்று சரி. அவன் ஃபுட்போலே பார்க்கத் தேவையில்லை. ரொட்ரி ஆர் என்றே தெரியத் தேவையில்லை. நூறு பேர் 150 பவுண்ஸ் கொடுத்தால் 15,000. எத்தனை பேரைச் சேர்த்தான் என்று எனக்குத் தெரியாது, ஆனால் முறை இதுதான் என்பதற்கு இரண்டு போன்களும் மேசையில் கிடந்தன.

லிங்க் விசயமும் அப்போதுதான் விளங்கியது. ஆள் பிடித்துக் கொடுக்கிறவர்களுக்கு, அந்த ஆள் தோற்கிற காசில் ஒரு பங்கு கொடுப்பது இந்தத் தொழிலில் உள்ள வழக்கம் என்று மச்சான் காட்டினார். அப்படி என்றால் நான் இழந்த 1,400இலும் அவனுக்குப் பங்கு போயிருக்கலாம். நான் வென்றால் அவனுக்கு என்ன லாபம்? "உங்கட காசு எனக்குப் பாரமாக் கிடக்கு" என்று சொன்ன வாய்.

விபரமாக அறிவுரை எழுத வேண்டும் என்றுதான் தொடங்கினேன். இப்போது முடியவில்லை, ஆறு மணிக்கு வேலை. சுருக்கமாகச் சொல்கிறேன். "ஷுவர்" என்ற சொல் வந்தால் அந்த இடத்திலேயே விலகுங்கள். அவன் தருகிற லிங்கில் கணக்குத் திறக்காதீர்கள். தனியாள் பெயரில் உள்ள கணக்குக்குக் காசு அனுப்பாதீர்கள். பழைய செய்திகளைப் படம் எடுத்து வையுங்கள், நடத்துகிறவனால் அவற்றைப் பிறகு மாற்ற முடியும். நாலு ஐந்து ஆட்டத்தைக் கோர்க்கச் சொன்னால் கோர்க்காதீர்கள். ஒவ்வொன்றும் பத்துக்கு ஏழு வாய்ப்பு என்றாலும் ஐந்தும் சேர்ந்து வருவது ஆறுக்கு ஒன்றுதான். கை நிற்கவில்லை என்றால் கேம்ஸ்டொப்பில் பெயரைப் பதியுங்கள், இங்கே உரிமம் உள்ள எல்லா இணையப் பந்தயத் தளங்களும் உங்களைப் பூட்டிவிடும். நான் நேற்றிரவு பதிந்துவிட்டேன். தமிழில் கதைக்கிறான் என்பதற்காக நம்பாதீர்கள். தயவுசெய்து நம்பாதீர்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது மச்சான் கூப்பிட்டார். ஒரு மாதமாகச் செத்துக் கிடந்த அவருடைய குழுவில் இன்று மத்தியானம் செய்தி வந்திருக்கிறதாம். நாளை இரவு இப்ஸ்விச்–செல்சி. "கண்ணை மூடிக்கொண்டு செல்சி. இலவசம்." உங்களில் எவருக்காவது அதே ஆட்டத்துக்கு வேறு கணிப்பு வந்திருந்தால் ஆட்டம் தொடங்க முன் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். இப்ஸ்விச் என்று ஒன்று, டிரோ என்று ஒன்று, எனக்கு இரண்டும் வேண்டும்.