கடற்காற்று வீசும் ஊரில் லென்ஸ் வாங்குதல்: சோனி 24-70, டாம்ரான் 28-75

சோனியின் ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார் கொண்ட) கேமராவுக்கு, வெளிச்சம் குறைந்த இடத்திலும் கைகொடுக்கும் எஃப் 2.8 ஜூம் லென்ஸ் ஒன்று வாங்க வேண்டும் என்றால், நாகர்கோவில் பக்கம் திருமணப் படம் எடுப்பவர்களிடையே பேச்சு பெரும்பாலும் இரண்டு லென்ஸ்களில்தான் வந்து நிற்கிறது. ஒன்று, 2022இல் வந்த சோனியின் சொந்தத் தயாரிப்பான 24-70 ஜிஎம் இரண்டாம் பதிப்பு. மற்றொன்று, அதற்கு முந்தைய ஆண்டு வந்த டாம்ரான் 28-75 ஜி2. டாம்ரானின் விலை சோனியின் விலையில் பாதிகூட வராது. நான் வாங்கியது டாம்ரான். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதைத் தெரிந்துகொண்டே மேலே படிக்கலாம்.

கூர்மையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஓரங்களில் சோனி சற்று மேல். ஆனால் ஆல்பம் அச்சாகி வந்தபின் அந்த வேறுபாட்டைக் கண்டு கேட்ட மணவீட்டார் எவரும் இல்லை. லென்ஸ் பெயரின் முதல் எண் சிறிதாக இருந்தால் காட்சி அகலமாக விழும் என்பதால், 24க்கும் 28க்கும் உள்ள இடைவெளியை அப்படித் தள்ளிவிட முடியாது. சிறிய வீட்டின் முன்னறையில் உறவினர் அனைவரையும் ஒரே படத்தில் அடக்க வேண்டியிருக்கும்போது அந்த நான்கு மில்லிமீட்டர் உறுத்தத்தான் செய்கிறது. வீடியோவையே முதன்மைத் தொழிலாகக் கொண்டவர்களுக்குச் சோனியில் ஒளி நுழையும் துளையைக் கையால் மாற்ற உதவும் அபர்ச்சர் வளையமும், ஃபோகஸ் மாறும்போது காட்சி சுருங்கி விரிவதைக் கேமராவே சரிசெய்துகொள்ளும் வசதியும் பயன்படும். பிற நிறுவன லென்ஸ்களுக்கு அந்தச் சரிசெய்தல் கிடைப்பதில்லை.

சோனிக்கு ஆதரவாக எப்போதும் எடுத்துவைக்கப்படும் வாதம் மறுவிற்பனை. கேமரா நிறுவனமே செய்த கம்பெனி லென்ஸில் போட்ட பணம் நகையில் போட்ட பணத்தைப் போல, விற்கும்போது திரும்பி வந்துவிடும் என்பார்கள். வறண்ட ஊர்களில் அது சரியாக இருக்கலாம். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் வாங்கிக்கொண்டு, கடற்காற்றும் புழங்கும் நம் குமரி மாவட்டத்தில் அந்தக் கணக்கைக் கொஞ்சம் திருத்திப் போட வேண்டியிருக்கிறது. இங்கே பழைய லென்ஸ் வாங்க வருபவர் முதலில் செய்வது, பின்மூடியைக் கழற்றிக் கைபேசி விளக்கை உள்ளே அடித்துப் பார்ப்பதுதான். சிலந்தி இழை போல ஒரு பூஞ்சைக் கோடு தெரிந்துவிட்டால், பெயர் எதுவானாலும் பேரம் அங்கேயே முறிந்துவிடும், அல்லது அடிமாட்டு விலைக்கு இறங்கிவிடும். ஈரப்பதம் தொடர்ந்து எழுபது விழுக்காட்டுக்கு மேல் நிற்கும் இருண்ட பையில் பூஞ்சை வளரும். அது சுரக்கும் அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிட்டால், பூஞ்சையைத் துடைத்து நீக்கிய பிறகும் தழும்பு போகாது. உப்பின் தொல்லை வேறு வகை. முட்டத்துப் பாறைகளிலோ குளச்சல் கடற்கரையிலோ அரைமணி நேரம் நின்றாலே முன்கண்ணாடியில் மெல்லிய படலம் படிகிறது; உப்பு ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும் தன்மை உடையது என்பதால் அதைத் தங்கவிடக் கூடாது, உலர்ந்த துணியால் தேய்க்கவும் கூடாது.

இரண்டு லென்ஸ்களிலும் ஈரம் புகாமல் தடுக்கும் அடைப்புகள் உண்டு, முன்கண்ணாடியில் நீரும் அழுக்கும் எளிதில் ஒட்டாத ஃப்ளோரின் பூச்சும் உண்டு. இரண்டுமே ஜூம் செய்யும்போது நீள்பவை. நீளும்போதெல்லாம் வெளிக்காற்றை உள்ளே இழுப்பவை. ஆக, விற்கும் நாளில் விலையைத் தீர்மானிக்கப்போகும் கண்ணாடியின் தெளிவு, லென்ஸின் மேல் பொறித்திருக்கும் பெயரைவிட அது இரவில் எங்கே உறங்குகிறது என்பதையே சார்ந்திருக்கிறது. டாம்ரான் வாங்குவதால் மிச்சமாகும் பணத்தில் ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் வைத்திருக்கும் டிரை கேபினெட் ஒன்றை வாங்கிவிடலாம், அதற்குப் பிறகும் கையில் கணிசமாக நிற்கும். உப்புக்கு எதிராக முன்னால் மாட்டும் ஃபில்டரும் டாம்ரானுக்கு 67 மில்லிமீட்டர், சோனிக்கு 82. பெரிய அளவுக்கு விலை அதிகம். எடையிலும் 540 கிராமுக்கு 695 கிராம் என்பது முகூர்த்தத்திலிருந்து பந்தி முடியும்வரை கையில் தூக்கி நிற்பவருக்குத் தெரியும்.

அடைப்புகளின் ரப்பர் பல ஆண்டுகள் உழைத்தபின் இரண்டில் எது முதலில் தளரும் என்று சொல்லும் அளவுக்கு என் லென்ஸுக்கு வயதாகவில்லை. பழுது என்று வந்தால் எந்த நிறுவனத்துடையதானாலும் வெளியூருக்குத்தான் அனுப்ப வேண்டியிருக்கிறது என்பதால், இந்திய உத்தரவாதம் உள்ள ரசீது இல்லாமல் இரண்டில் எதையும் வாங்க வேண்டாம்.

இதே வாதத்தை, தொலைவில் இருப்பதை நெருக்கிக் காட்டும் நீள லென்ஸ்களுக்கு அப்படியே நீட்ட மாட்டேன். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்ந்த சுசீந்திரம் தேரூர் நீர்நிலைகளில் பறவை எடுக்க விரும்புபவர் சோனி 200-600ஐயே முதலில் பார்க்கட்டும். ஜூம் செய்தாலும் அதன் நீளம் மாறுவதில்லை. சிக்மா 150-600, டாம்ரான் 150-500 இரண்டும் நீள்பவை. சோனியின் ஏ9, ஏ1 வரிசைக் கேமராக்களில் பிற நிறுவன லென்ஸ்கள் நொடிக்கு 15 படங்களோடு நின்றுவிடும், லென்ஸின் எட்டத்தைக் கூட்டும் சோனியின் டெலிகன்வெர்ட்டரும் அவற்றோடு பொருந்தாது. நண்பர்களிடம் இரவல் வாங்கிப் பார்த்ததைத் தவிர அந்த வகை லென்ஸ்களில் எனக்குப் பழக்கம் குறைவு; ஆனாலும் அங்கே கூடுதல் பணத்துக்கு ஒரு காரணம் இருப்பதாகவே படுகிறது.