ஒகேனக்கல் பரிசல்: கன அடியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்

ஒகேனக்கல்லுக்குக் கிளம்பும் முன் பிலிகுண்டுலுவில் காவிரித் தண்ணீர் வினாடிக்கு எத்தனை கன அடி வருகிறது என்று பார்த்துவிடுங்கள். விடுதி, சாப்பாடு, வண்டி எல்லாம் அதற்குப் பிறகு யோசிக்கலாம். அங்கே பரிசல் சவாரி அருமையாக இருப்பதும், வெறும் பாறை நடையாக முடிவதும், துறையிலேயே தடுத்துத் திருப்பி அனுப்பப்படுவதும் அந்த ஒரு எண்ணைப் பொறுத்தது.

எண் கிடைப்பது சிரமமில்லை. கர்நாடகத்திலிருந்து காவிரி தமிழகத்துக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையத்தின் அளவை நிலையம் இருக்கிறது. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று அளித்த தீர்ப்பின்படி தமிழகத்துக்கு ஆண்டுதோறும் வர வேண்டிய 177.25 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) தண்ணீரும் அங்கேதான் கணக்கில் ஏறுகிறது. அதனால் நாளிதழ்களில் ஒகேனக்கல் நீர்வரத்து அடிக்கடி செய்தியாக வந்துவிடும். அன்றைய எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. கர்நாடகத்தின் கே.ஆர்.எஸ். (கிருஷ்ணராஜ சாகர்), கபினி அணைகளில் திறக்கும் தண்ணீர் இங்கே வந்துசேர இரண்டு மூன்று நாள் பிடிக்கும். மேலே புதன்கிழமை திறப்பைக் கூட்டியிருந்தால், சனிக்கிழமைக்குத் திட்டமிட்ட சவாரி வெள்ளிக்கிழமையே கெட்டுவிடும்.

எண்ணை எப்படிப் படிப்பது? ஆயிரத்துக்குக் கீழே என்றால் பாறைகள் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். பல இடங்களில் பயணிகள் இறங்கி நடக்க, பரிசல்காரர் பரிசலைத் தலையில் கவிழ்த்துத் தூக்கிவருவார். கோடையில் பாறை கொதிக்கும். குழந்தைகளும் முதியவர்களும் தவித்துப்போவார்கள். இரண்டாயிரம் முதல் ஆறாயிரம் வரைதான் அமைதியான மிதப்புக்கு ஏற்ற அளவு: அருவியிலும் தண்ணீர் விழும், பள்ளத்தாக்கிலும் ஓட்டம் அடங்கியிருக்கும். எட்டாயிரம் பக்கம் வரும்போது கிளம்பும் துறையும் வழியும் மாறும். சின்னாறு, மாமரத்துக்கடவு, கோத்திக்கல் என்று துறைகள் பல. தண்ணீர் அளவைப் பார்த்துத்தான் எங்கிருந்து விடுவது என்று முடிவாகும். பத்தாயிரத்தைத் தாண்டினால் தடை வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தடை போடுவதும் நீக்குவதும் மாவட்ட நிர்வாகத்தின் கையில். தடை இருக்கும் நாளில் "வேறு வழியாகக் கூட்டிப்போகிறேன்" என்று யார் அழைத்தாலும் ஏறாதீர்கள். 2018, 2022 ஆகஸ்ட் மாதங்களில் இதே ஆற்றில் வினாடிக்கு இரண்டு லட்சம் கன அடி போனது. ஒரு கன அடி என்பது 28 லிட்டருக்குச் சற்று அதிகம். பெருக்கிப் பார்த்தால் தடை ஏன் என்பது தானாகப் புரியும்.

ஆகவே ஜூலை, ஆகஸ்ட் மாதங்களை நம்பி விடுப்பு எடுக்காதீர்கள். ஆடிப்பெருக்குக்குப் போனால் திருவிழாவைப் பார்க்கலாம், ஆற்றில் மிதப்பது பெரும்பாலும் நடக்காது. மழைக்காலம் ஓய்ந்தபின், டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான வார நாட்களே நல்லவை. பொங்கல் விடுமுறையை மட்டும் விட்டுவிடுங்கள். காணும் பொங்கலன்று துறையில் கால் வைக்க இடம் இருக்காது.

தர்மபுரியிலிருந்து சுமார் 46 கிலோமீட்டர். பென்னாகரம் வழியாகப் பேருந்து உண்டு. காலை ஒன்பதுக்குள் துறையில் இருப்பது உத்தமம். பதினொன்றுக்கு மேல் வெயிலும் வரிசையும் சேர்ந்துகொள்ளும்.

கட்டணம் பரிசலுக்குத்தான், தலைக்கு அல்ல. பரிசலுக்கு நான்கு பயணிகள் என்பது கணக்கு. இரண்டு பேர் போனாலும் முழுப் பரிசலின் பணம் கட்ட வேண்டும். பணத்தைச் சீட்டு கொடுக்கும் இடத்தில் மட்டும் கட்டுங்கள், பலகையில் உள்ள தொகையைப் பார்த்துக் கட்டுங்கள், சீட்டைக் கையிலேயே வைத்திருங்கள். வாகனம் நிறுத்தும் இடத்திலேயே சூழ்ந்துகொள்ளும் தரகர்களிடம் பேச்சு கொடுக்கவே வேண்டாம். ஏறும் முன் பரிசல்காரரிடம் மூன்று விஷயம் பேசி முடித்துவிடுங்கள்: எங்கே வரை போவது, எவ்வளவு நேரம், திரும்பி வருவது எப்படி. பேசாமல் ஏறினால் நடு ஆற்றில் "இன்னும் கொஞ்சம் போகலாம், தனியாகக் கொடுத்துவிடுங்கள்" என்ற பேச்சு வரும்போது மறுக்கத் தோன்றாது. மனம் நிறைந்து கடைசியில் கொடுப்பது வேறு விஷயம். எதிர் ஓட்டத்தில் ஒற்றைத் துடுப்போடு நான்கு பேரைத் திருப்பிக் கொண்டுவருவது லேசான வேலை அல்ல.

பரிசலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மூங்கில் பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய ஏழெட்டு அடி அகலக் கூடை அது. முன்பு தோல் போர்த்தினார்கள். இப்போது பிளாஸ்டிக் சாக்குத் தாள் போர்த்தித் தார் பூசுகிறார்கள். வட்டமானது என்பதால் படகைப் போல முன்பக்கம், பின்பக்கம் கிடையாது. நேராகப் போக வேண்டும் என்ற இயல்பே அதற்கு இல்லை. பரிசல்காரர் போகும் பக்க விளிம்போரம் உட்கார்ந்து துடுப்பைத் தண்ணீரில் முன்னே போட்டுத் தன் பக்கமாக இழுக்கிறார், அவ்வளவுதான் அதற்குத் திசை. துடுப்பை நிறுத்தினால் ஓட்டம் திருப்பியபடி திரும்பும். ஆழமில்லாத பாறைத் தண்ணீரில் தட்டையான அடிப்பாகம் வழுக்கிக்கொண்டு போவதும், சட்டென்று கவிழாமல் நிற்பதும் இதன் பலம். எடை ஒரே விளிம்புக்குச் சாய்ந்தால் அந்தப் பக்கம் தண்ணீர் உள்ளே ஏறுவது பலவீனம். விபத்துக்கு வழி பெரும்பாலும் அங்கேதான் திறக்கிறது: அதிக ஆள், செல்ஃபிக்காக எழுந்து நிற்பவர், அருவியைப் பார்க்க நால்வரும் ஒரே பக்கம் எக்குவது.

ஏறும் முன் உட்பக்கத்தைக் குனிந்து பாருங்கள். கொஞ்சம் ஈரம் இருப்பது சாதாரணம். குளம்போல் தண்ணீர் தேங்கியிருந்தாலோ, விளிம்பில் மூங்கில் முனைகள் கட்டு அவிழ்ந்து நீட்டிக்கொண்டிருந்தாலோ வேறு பரிசல் கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை. ஏறும்போது ஒவ்வொருவராக, காலை விளிம்பில் வைக்காமல் நேராக நடுவில் வைத்து, உடனே உட்கார்ந்துவிட வேண்டும். எடை அதிகமுள்ள இருவர் எதிரெதிரே. குழந்தை பெரியவர் மடியில் அல்ல, பெரியவரின் முழங்கால்களுக்கு நடுவே கீழே. தரையில் மூங்கில் பட்டை குத்தும், நனையும். மடித்துப் போட்டு உட்கார ஒரு பழைய துண்டு இருந்தால் அரை மணி நேரம் கழித்து அதன் அருமை தெரியும். முதுகு வலிக்காரர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இந்தச் சவாரி ஏற்றதல்ல. சாய்ந்துகொள்ள இடம் கிடையாது, வழியில் பாறைப் படிகளில் ஏறி இறங்கவும் வேண்டும்.

உயிர்காப்பு உடை கட்டாயம். கொடுப்பதை அப்படியே மாட்டிக்கொள்ளாமல் கொக்கிகள் எல்லாம் பூட்டுகின்றனவா என்று பாருங்கள். மாட்டியபின் தோள்பட்டையில் பிடித்து மேலே இழுத்துப் பார்க்க வேண்டும். காதுவரை ஏறிவந்தால் அது தளர்ச்சி; தண்ணீரில் ஆள் கீழேயும் உடை மேலேயும் போய்விடும். குழந்தைகளுக்குப் பெரியவர்களின் அளவைக் கொடுத்தால் ஏற்காதீர்கள். சின்ன அளவு கிடைக்கவில்லையென்றால் குழந்தையோடு கரையில் நிற்பதே சரி.

பரிசல்காரர்கள் சிலர் பரிசலைப் பம்பரமாகச் சுழற்றிக் காட்டுவார்கள். இளைஞர்களுக்கு அது கொண்டாட்டம். அமைதியாக மிதக்க வந்தவர்கள் ஏறும்போதே "சுத்தாதீங்க அண்ணா, மெதுவா போகலாம்" என்று சொல்லிவிட்டால் போதும். அருவிக்கு மிக அருகில் கொண்டுபோய் நனைப்பதும் அப்படித்தான், சாரலோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இந்தச் சவாரியின் உயிர் அருவிக்குக் கீழே பள்ளத்தாக்கில் இருக்கிறது. இருபுறமும் செங்குத்தாகப் பாறைச் சுவர், எதிர்க்கரை கர்நாடகம். அருவியின் இரைச்சல் முதுகுக்குப் பின்னால் மெல்ல மெல்ல அடங்கும். அகலமான ஒரு திருப்பம் வந்ததும் துடுப்பை எடுத்துவிடச் சொல்லுங்கள். துடுப்பு விளிம்பின் மேல் குறுக்கே கிடக்க, அதன் நுனியிலிருந்து சொட்டும் தண்ணீர் தனித்துக் கேட்கும். பரிசல் தன்பாட்டுக்கு மெதுவாக அரை வட்டம் திரும்பும். நீங்கள் தலையைத் திருப்பாமலேயே ஒரு கரை நகர்ந்து மறு கரை கண்ணுக்கு முன் வரும். பாறையில் ஆள் உயரத்துக்கு மேலே வெளுத்த கோடு ஒன்று ஓடும், அது வெள்ளம் நின்ற உயரம். அதற்குக் கீழே ஈரப் பாறையில் நீர்க்காகம் இறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருக்கும். கட்டிய பணம் முழுவதும் இந்த ஐந்து பத்து நிமிடத்துக்கே தகும். அவசரப்பட்டு அடுத்த இடம் கேட்காதீர்கள்.

பள்ளத்தாக்கிலேயே இன்னொரு பரிசலில் கடை வைத்து நொறுக்குத் தீனியும் குளிர்பானமும் விற்றபடி மிதந்து வருவார்கள். வாங்கினால் காலி உறையையும் பாட்டிலையும் பையில் போட்டுக் கரைக்குக் கொண்டுவாருங்கள். பாறை இடுக்குகளில் சிக்கிக் கிடக்கும் பிளாஸ்டிக்கைப் பார்த்தால் மனம் நோகும். ஒகேனக்கல்லின் பெரிய குறை அதுதான். உடை மாற்றும் இடமும் கழிப்பறையும் வார இறுதிக் கூட்டத்தைத் தாங்குவதில்லை என்பது அடுத்த குறை. பெண்களோடு போகிறவர்கள் அரை நாளுக்காவது ஒரு அறை எடுத்துக்கொள்வது நல்லது.

மணல்திட்டில் இறங்கிக் கால் நனைக்கலாம். அங்கே அமைதியாகத் தெரியும் மடுவில் நீந்தப் போகாதீர்கள். மேலே அசையாத தண்ணீருக்கு அடியில் பாறைக் குடைவுகளும் சுழலும் உண்டு. காவிரியின் இந்தப் பகுதியில் முதலைகளும் வாழ்கின்றன. ஒகேனக்கல்லில் முதலைப் பண்ணையே இருக்கிறது. குளிக்க வேண்டுமானால் அனுமதித்த இடத்தில், கம்பித் தடுப்புக்குள். நல்லெண்ணெய் தேய்த்துவிட ஆட்கள் இருப்பார்கள். மசாஜைச் சவாரி முடிந்தபின் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய்க் காலோடு ஈரப் பாறையில் நடந்தால் வழுக்கி விழுவது நிச்சயம்.

சாப்பாட்டுக்கு ஒரு வழி: ஆற்றுக்குப் போகும்போதே மீனை வாங்கி, சமைத்துக் கொடுக்கும் பெண்களிடம் ஒப்படைத்துவிடுங்கள். மீனைக் கண்ணெதிரே எடை போட்டு, செவுளைத் திறந்து சிவப்பைப் பார்த்து வாங்க வேண்டும். குழம்பு எவ்வளவு, வறுவல் எவ்வளவு, சமையல் கூலி என்ன, மசாலாவும் அரிசியும் யாருடையவை என்று அப்போதே பேசிவிடுங்கள். திரும்பி வரும்போது சூடாகத் தயாராக இருக்கும். காரம் தூக்கலாகவே இருக்கும். குழந்தைகளுக்குத் தனியாகச் சொல்லி வைக்கவும்.

பையில் போட வேண்டியவை கொஞ்சம்தான்: கைபேசிக்குக் கழுத்தில் மாட்டும் நீர்புகா உறை, தொப்பி, ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், மாற்று உடை, பின்பட்டை உள்ள ரப்பர் செருப்பு. ஹவாய் செருப்பு பாறைச் சந்தில் கழன்று ஆற்றோடு போய்விடும்.

பாறையில் நடக்கவே முடியாதவர்களோடு போவதென்றால், கோவை மாவட்டம் காரமடைக்கு மேலே பில்லூர் அணை நீர்த்தேக்கத்தில் வனத்துறை நடத்தும் பரளிக்காடு பரிசல் பயணம் பொருத்தமாக இருக்கும். அருவி கிடையாது, ஓட்டமும் கிடையாது. மதியச் சாப்பாடும் சேர்ந்தே வரும். முன்பதிவு இல்லாமல் போக முடியாது.

ஒகேனக்கல்லிலிருந்து நான்கு மணிக்கெல்லாம் கிளம்பிவிடுங்கள். பென்னாகரம் சாலை காட்டுக்குள் வளைந்து ஏறுகிறது, இருட்டியபின் யானை குறுக்கே வரும். வழியில் குரங்குகளுக்கு எதுவும் போடாமல், கண்ணாடியை ஏற்றியே ஓட்டுங்கள்.