வாய்ஸ்எக்ஸ்எம்எல்லுடன் 12 ஆண்டுகள்: மதுரையா, மானாமதுரையா?

தொலைபேசியில் பேசியே பேருந்து டிக்கெட் எடுக்கும் சேவை ஒன்றுக்கு 12 ஆண்டுகளாக நிரல் எழுதி வருகிறேன். முதலில் ஆங்கிலத்தில் மட்டும் ஓடியது, தமிழ் பின்னால்தான் வந்தது. கருவி வாய்ஸ்எக்ஸ்எம்எல், தொலைபேசியில் கணினி என்ன கேட்க வேண்டும், பதிலை எப்படி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எழுதும் கணினி மொழி. ஏடி அண்ட் டி, ஐபிஎம், லூசென்ட், மோட்டோரோலா நான்கு நிறுவனங்களும் சேர்ந்து தொடங்கியது. முதல் பதிப்பு 2000-ல் வந்தது, 2.0 பதிப்பு 2004 மார்ச்சில், இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையானது. பழைய மொழிதான். ஆனால் மனிதரும் கணினியும் பேசிக்கொள்வதை எப்படி நடத்திச் செல்வது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது இதுதான்.

அதன் அடிப்படை ஒரு விண்ணப்பப் படிவம் மாதிரி. ஊர், தேதி, எத்தனை பேர் என்று கட்டங்கள். எந்தக் கட்டம் காலியாக இருக்கிறதோ அதற்கான கேள்வியைக் கேட்கும், நிரம்பிவிட்டால் அடுத்ததற்குப் போகும். “நாளைக்கு மதுரைக்கு ரெண்டு டிக்கெட்” என்று ஒருவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டால் மூன்று கட்டங்களையும் சேர்த்து நிரப்பவும் வழி உண்டு. இந்த எளிமை எனக்கு இன்றும் பிடிக்கும்.

இதைவிடப் பிடித்தது, பேசாமல் இருப்பதையும் பேசியது புரியாமல் போவதையும் அது இரண்டாகப் பிரித்து வைத்திருப்பது. முன்னது நோஇன்புட், பின்னது நோமேட்ச். இரண்டுமே எத்தனையாவது முறை நடக்கிறது என்று எண்ணி, ஒவ்வொரு முறைக்கும் வேறு பதில் வைக்கலாம். தொடக்கத்தில் நான் மூன்று முறைக்கும் ஒரே வாக்கியத்தை வைத்திருந்தேன். அழைத்தவர்கள் குரலை உயர்த்தி, எழுத்தெழுத்தாக நிறுத்திச் சொன்னார்கள். அப்படிப் பேசினால் கணினிக்கு இன்னும் புரியாது. இப்போது முதல் முறை “எந்த ஊருக்கு?” என்று மட்டும் கேட்கும், இரண்டாம் முறை எப்படிச் சொல்லலாம் என்று உதாரணம் தரும், மூன்றாம் முறை ஆளிடம் இணைத்துவிடும். இந்தச் சின்ன மாற்றத்துக்குப் பிறகுதான் பாதியில் போனை வைத்துவிடுகிறவர்கள் குறைந்தார்கள்.

அடுத்தது குறுக்கே பேசுவது. இயந்திரம் பேசும்போதே நாம் இடைமறிக்கலாம், இயல்பாகவே அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். வீட்டிலிருந்து பேசினால் வசதி. பேருந்து நிலையத்திலிருந்து பேசினால் ஹார்ன் சத்தத்துக்கே கேள்வி பாதியில் நின்றுவிடும், அந்தப் பக்கம் “ஹலோ, ஹலோ” என்பார்கள். எதிர்பார்த்த சொல் வந்தால் மட்டும் பேச்சை நிறுத்தும் ஹாட்வேர்ட் முறைக்கு மாற்றிய பிறகு பெரும்பாலும் சரியாகிவிட்டது.

நேரக் கணக்குக்குத்தான் அதிகம் உழைத்தேன். மனிதர் உரையாடலில் ஒருவர் முடித்து மற்றவர் தொடங்கும் இடைவெளி சராசரியாக 0.2 விநாடி அளவுதான் என்று பத்து மொழிகளை வைத்துச் செய்த ஆய்வு 2009-ல் வந்தது. முழுப் பதில் வந்த பின் 0.3 முதல் 1 விநாடி வரை காத்திருப்பது பொருத்தம் என்கிறது வாய்ஸ்எக்ஸ்எம்எல் ஆவணம். ஆனால் கைபேசி எண்ணைச் சொல்கிறவர் ஐந்து இலக்கம் சொல்லிவிட்டு மூச்சு விடுவார், அடுத்த ஐந்தை நினைவுபடுத்திக்கொள்வார். அங்கே வெட்டினால் அது மரியாதைக் குறைவு. பாதிப் பதிலுக்கான காத்திருப்பு நேரம் தனியாக இருக்கிறது. எண் கேட்கும் இடத்தில் அதைத் தாராளமாகக் கூட்டிவிடுங்கள்.

சரி, குறைக்கு வருகிறேன். திருத்தம் சொல்கிறவரை இது மிகவும் பாடுபடுத்தும். “மதுரைக்கு ஒரு டிக்கெட், சரியா?” என்று இயந்திரம் கேட்கும். “இல்லீங்க, மானாமதுரை” என்பார் வயதான ஒருவர். அந்த இடத்தில் ஆமாம், இல்லை இரண்டை மட்டும் எதிர்பார்த்திருந்தால் அது நோமேட்ச். அந்தக் கேள்வியில் மானாமதுரையையும் எதிர்பார்க்கச் சொன்னாலும், ஊர்க் கட்டம் தானாக மாறாது. அதைத் துடைத்து, புது ஊரைப் போட்டு, கட்டணத்தையும் நேரத்தையும் மறுபடி தேட ஒவ்வொரு வழியையும் நாமே எழுத வேண்டும். என் நிரலில் மிகத் தடிமனான பகுதி இதுதான். “மானாமதுரைக்கு எந்தத் தேதியில்?” என்று ஊரை அடுத்த கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்டதில் பாதிச் சிக்கல் தீர்ந்தது. தப்பென்றால் அங்கேயே சொல்லிவிடுவார்கள்.

கடந்த ஒரு வருடமாக, அழைப்பவரிடம் பேசும் முன்பகுதியை, சாட்ஜிபிடி போன்ற சேவைகளுக்குப் பின்னால் இருக்கும் வகையான பெரிய மொழி மாதிரி (எல்எல்எம்) ஒன்றிடம் கொடுத்துப் பார்க்கிறோம். “இல்லீங்க, மானாமதுரை” அதற்குச் சுலபமாகப் புரிகிறது, மகிழ்ச்சிதான். ஆனால் பணம் போய்ச் சேருவதற்கு முன்பே “டிக்கெட் பதிவாகிவிட்டது” என்று ஒருவரிடம் சொல்லிவிட்டது. நம்பி நிலையத்துக்குக் கிளம்புகிறவருக்கு அது எவ்வளவு பெரிய அலைச்சல்! அதனால் பேச்சு எப்படி வேண்டுமானாலும் போகட்டும், பணமும் பதிவும் பழைய படிவத்துக்குள்தான் நடக்கின்றன. நள்ளிரவில் தேதி மாறிவிடுவதால் எந்த ராத்திரி என்ற குழப்பம் வரும்; அதனால் “வெள்ளிக்கிழமை ராத்திரி 12 மணி வண்டி” என்று சொல்கிறவரிடம், “வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பிட்டுவிட்டு ஏறும் வண்டிதானே?” என்று கேட்டு உறுதிசெய்யும் கேள்வியையும் அங்கேயே வைத்திருக்கிறேன்.